கேட்டோரம் ஒரு கோரை

கத்திரிக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சலூன் நடத்துகிறவர். அவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு எழுந்தவன் பின்னங்கழுத்தில் ஒரு முடி தப்பி நின்றதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. வாடிக்கையாளர் போதும் போதும் என்று எழுந்த பிறகும் தோளை அழுத்தி உட்கார வைத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படியான ஒரு முடியைத் தேடி நறுக்குவார். அப்படிப்பட்ட மனுஷருக்கு வீட்டு முன்னால் ஒரு புல்வெளியும் வாய்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

சலூனுக்கு விடுமுறை வந்தால் போதும், புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி ஒட்ட வெட்டிவிடுவார். அவருடைய தொழில் பாஷையில் ஜீரோ கட். வெட்ட வெட்ட அடர்த்தியாக வளரும் என்பது அவர் கட்சி. தலையில் அது உண்மையா என்பதே சந்தேகம், தரையில் நிச்சயமாக இல்லை. புல் வெளுத்தது, அங்கங்கே சொட்டை விழுந்தது. சொட்டை விழுந்த இடத்தில் மண் இறுகிக் கல்லானது. அந்தக் கல்லிலும் வெட்கமில்லாமல் நெருஞ்சி படர்ந்தது, கோரை முளைத்தது. அதையும் சேர்த்து ஒட்ட வெட்டினார். கோரை ஒன்றும் கவலைப்படவில்லை. மேலே தலை போனாலும் மண்ணுக்கடியில் கிழங்கு விட்டுக் குடும்பம் பெருக்கிக்கொண்டே இருந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே சலூன்காரர் வீட்டுப் புல்வெளிக்குச் சொட்டை.

அவர் மனைவி தபால் பட்டுவாடா செய்கிறவள். தோளில் பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால், வீடு வீடாக நடந்து முடித்துவிட்டுத்தான் உட்காருவாள். நடக்காத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் தூறல் போட்டிருந்தது. வேலைக்குக் கிளம்பியவள் புல்வெளியில் குறுக்கே கால் வைத்தாள். சொட்டை மண் நனைந்து எண்ணெய் தடவியது போல் இருந்திருக்கிறது. வழுக்கி விழுந்ததில் கணுக்கால் எலும்பு முறிந்தது.

எதிர்வீட்டில் இருந்து ஓடிவந்து தூக்கியவன் அவளுடைய தம்பி. பஸ் டிரைவர். வாய் கொஞ்சம் நீளம். கட்டுப் போட்டு முடித்ததும் ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஆரம்பித்துவிட்டான்.

“புல் தடுக்கிப் பயில்வானைக் கேள்விப்பட்டிருக்கேன். எங்கக்கா புல்லே இல்லாம தடுக்கி விழுந்தவ.”

நர்ஸ் சிரித்தாள், அக்காவும் வலியோடு சிரித்தாள். கத்திரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் அவள் கைத்தடியை விடவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக ஒரு கையில் தடி, மறு கையில் சுவர். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி அம்மா காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, காலில் ஒன்றும் இல்லை, பயம்தான் நொண்டுகிறது என்றாள். தினமும் வெறுங்காலோடு மெத்தென்ற புல்லில் நடந்தால் கணுக்காலுக்குத் தைரியம் வரும் என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தவள், கல்லும் நெருஞ்சியுமாகக் கிடந்த வாசலைக் கண்டு பேச்சை மாற்றிவிட்டாள்.

இதற்கிடையில் தபால் அலுவலகத்திலிருந்தும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடுப்பு முடிவதற்குள் பழையபடி நடக்க முடிந்தால் அவளுடைய தெருக்கள் அவளுக்கே. முடியாவிட்டால் உள்ளே உட்கார்ந்து தபால் பிரிக்கும் மேசை. அந்த மேசை என்றாலே அவளுக்கு எட்டிக்காய். காற்றில்லை, வெயிலில்லை, வாசலில் நின்று நலம் விசாரிக்க ஆளில்லை. அவள் அழவில்லை. பையை எடுத்து மடியில் வைத்து அதன் வாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கத்திரிக்காரர் பார்த்தார். இந்தப் புல்வெளியை மெத்தையாக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

முடிவு நல்ல முடிவுதான். வழி சொன்னவன் மைத்துனன் என்பதுதான் கோளாறு. தலைமுடி மண்ணுக்கு அருமையான உரம் என்று அவன் போனில் எங்கோ பார்த்திருந்தான். கத்திரிக்காரருக்குக் கண் விரிந்தது. உரத்துக்கு அவர் எங்கே போக வேண்டும்? சலூனின் பின்கட்டில் மூட்டை மூட்டையாக இருக்கிறதே. கருப்பு, நரை, சாயம் போட்டது என்று அத்தனையையும் கொண்டுவந்து வாசல் முழுக்கப் பரப்பி, நின்று அழகு பார்த்தார்.

பனியில் நனைந்த முடி ஒன்றோடொன்று பின்னிக் கம்பளியாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றது. வெயில் ஏறி, ஓரங்கள் காய்ந்து, காற்றும் கிளம்பியதும் முடிக்குச் சிறகு முளைத்தது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த டிரைவர் சட்டையில் ஊராருடைய முடியெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டியவன் வழி நெடுகச் சொறிந்துகொண்டே போனானாம். யோசனை சொன்னவனே அவன் என்பதால் சண்டைக்கு வரவும் வழியில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள். வாரியெடுக்க அவர் படுகிற பாட்டையும் பார்த்தாள்.

“ஊர்ல உள்ள தலையெல்லாம் நம்ம வாசல்ல கிடக்கு. உங்க தலையை மட்டும்தான் காணோம்,” என்றாள். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. வாசலில் கிடக்கும் சிமெண்ட் பெஞ்சைச் சுற்றி மட்டும் இயந்திரம் எட்டாது. அங்கே புல் கணுக்கால் உயரம் வளர்ந்து, பச்சைப் பசேலென்று, விரல் நுழைய இடமில்லாமல் நெருங்கி நிற்கிறது. ஒரு நெருஞ்சி இல்லை, ஒரு கோரை இல்லை. அதே மண், அதே மழை. அவர் கை படாத ஒரே இடம். இதை அவள் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவள் விடவில்லை. தபால் போடப் போகும் வீடுகளில் எந்த வாசல் காலுக்கு மெத்தென்று இருக்கும், எது செருப்பைக் குத்தும் என்று அவளுக்குத் தெரியும். மெத்தென்ற வாசல்காரர் ஒருவரும் ஒட்ட வெட்டுவதில்லை என்றாள். புல்லை வளர விட்டால் அதன் நிழலே களையை முளைக்க விடாது, வேரும் ஆழமாக ஓடும் என்றாள்.

சலூன்காரன் வீட்டு வாசலே பரட்டைத் தலையாக நின்றால் நாளைக்கு எவன் வந்து தலை கொடுப்பான் என்று இழுத்தார்.

“நான் நடக்கணுமா? இல்ல, உங்களுக்கு நல்ல பேர் வேணுமா?” என்று கேட்டாள் அவள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்றைக்கே பிளேடை உச்சிக்கு ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது வேலை. முதலில் மண்ணில் ஒரு ஸ்குரூடிரைவரைக் குத்திப் பார்த்தார். நுனிகூட இறங்கவில்லை. இத்தனை காலம் தாம் செய்தது வெறும் நுனிப்புல் மேய்கிற வேலைதான் என்று அப்போது உறைத்தது. நன்றாகத் தண்ணீர் விட்டு ஊற வைத்து, நீண்ட பல் வைத்த மண்வாரியால் அடிக்கு அடி குத்தி ஆட்டி மண்ணை நெகிழ்த்தினார். மக்கிய உரத்தைச் சலித்து, மணலோடு கலந்து அந்த ஓட்டைகளில் இறங்கும்படி தூவினார். பெஞ்சடிப் புல்லிலிருந்து வேரும் மண்ணுமாகத் துண்டு துண்டாகப் பெயர்த்து சொட்டைகளில் நட்டார். முடியை மட்டும் வீணாக்க மனம் வரவில்லை. கொல்லைக் குழியில் காய்ந்த இலைக்கு நடுவே சிறிது சிறிதாகப் போட்டு மக்க விட்டார். தினம் தெளிக்கிற பன்னீர்த் தெளிப்பை நிறுத்திவிட்டு, விட்டு விட்டு, விடும்போது ஆழமாக இறங்குகிற மாதிரி தண்ணீர் விட்டார்.

அவள் நாற்காலியை வாசற்படியில் போட்டுக்கொண்டு கைத்தடியால் சுட்டிக்காட்டுவாள். அதோ ஒன்று, இதோ ஒன்று. நெருஞ்சியைக் காய் பிடிப்பதற்குள் ஆணிவேரோடு எடுத்தார். கோரையை இழுத்தால் தழை மட்டும் கையோடு வந்து கிழங்கு உள்ளே சிரிக்கும். ஆகவே ஈர மண்ணில் சலூன் சீப்பின் கூர்க்காம்பை விட்டு நெம்பி, நூல் போல் ஓடும் வேரைப் பிடித்துக்கொண்டே போய்க் கிழங்கைத் தோண்டினார். ஒரு முடி விடாத கண் கடைசியில் உருப்படியான வேலைக்குப் பயன்பட்டது.

புல் வளர வளர அவர் தவித்தார். கையெல்லாம் அரித்தது. தெருவில் போகிறவர்கள், கத்திரி துருப்பிடித்துவிட்டதா என்று விசாரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மேல் நுனியை மட்டும் டிரிம் செய்தார். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்று பார்த்தார். பாதம் உள்ளே அமிழ்ந்தது. மெத்தைதான்.

மெத்தை தயார், நடக்கத்தான் ஆள் இல்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் சில அடி வைப்பாள், அவர் கையை நகம் பதியக் கிள்ளுவாள், போதும் என்று நாற்காலிக்குத் திரும்பிவிடுவாள். பிசியோதெரபி அம்மா வந்து கெஞ்சினாள். தம்பி வந்து கேலி செய்தான். ஒன்றும் பலிக்கவில்லை. விடுப்பு முடிந்துகொண்டே வந்தது. பை ஆணியில் தொங்கியது.

அந்த வாரம் களை எடுத்துக்கொண்டே கேட் வரை போனவர், கேட்டோரம் ஒரு கோரை தலை நீட்டியிருப்பதைப் பார்த்தார். கை தானாகப் போனது. பாதி வழியில் நின்றது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

மறுநாளே அவள் கண்ணில் பட்டுவிட்டது. கேட்கிட்ட ஒண்ணு நிக்குது பாருங்க என்றாள். பார்த்தேன், இடுப்பு பிடித்திருக்கிறது, நாளைக்கு எடுக்கிறேன் என்றார். அந்த நாளை வந்தபோது சலூனுக்கு நேரமாகிவிட்டது. அதற்கு மறுநாள் சீப்பைக் காணவில்லை. கோரை மற்றப் புல்லையெல்லாம் தாண்டி, மினுமினுவென்று, வீட்டுக்கே சொந்தக்காரன் மாதிரி நின்றது. ஒரு கோரையை விட்டால் வாசல் முழுக்கக் கோரை என்று அவருக்குத் தெரியாதா? சலூனில் வாடிக்கையாளர் தலையைப் பார்த்தால்கூட அதுவே தெரிந்தது. ஒருநாள் மைத்துனன் கேட்டைத் திறந்தவாக்கில் அதைப் பிடுங்கக் குனிந்தான். இவர் பாய்ந்துபோய் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

“அதைத் தொட்டே, அடுத்த தடவை உன் தலையில ஜீரோ கட்தான்,” என்றார் தணிந்த குரலில். அவன் ஒன்றும் புரியாமல் வந்த வழியே போனான்.

அன்று சாயங்காலம் அவர் பெஞ்சில் உட்கார்ந்து கத்திரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியிலிருந்து கேட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“பூ விட ஆரம்பிச்சிடுச்சுங்க,” என்றாள்.

“அப்படியா,” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“இத்தனை பாடுபட்டுட்டு இப்ப என்ன அலட்சியம்?”

“இந்தா, இதை முடிச்சிட்டு...”

அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. என்னமோ முணுமுணுத்தபடி எழுந்தாள். தடி நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தது. இறங்கினாள். புல்லில் வலது கால், இடது கால். கத்திரி மடியில் நழுவியது தெரியாமல் அவர் வெறுங்கையைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் நேரே கேட்டுக்குப் போனாள், முறிந்த காலிலேயே பாரத்தைப் போட்டுக் குந்தினாள், விரலால் மண்ணைத் தோண்டி, வேரைப் பிடித்துக்கொண்டே போய்க் கிழங்கோடு எடுத்தாள். மண்ணை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றவள், அப்போதுதான் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒன்றில் கோரை, மற்றொன்று காலி.

அவர் எழுந்து ஓடப் பார்த்தார். வர வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள். திரும்பி நடந்து வந்தாள், மெதுவாக, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து. வந்து கோரையை அவர் மடியில் போட்டாள்.

“வேணும்னேதான விட்டீங்க?”

“பின்னே? ஒரு முடி விட்டுப் பழக்கம் உண்டா எனக்கு?” என்றார். பெருமையாகத்தான் ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வெட்கப்படவில்லை.

அவள் வேலிப் பக்கம் முகவாயால் சுட்டிக் காட்டினாள்.

“அப்ப அங்க நிக்குதே இன்னொண்ணு, அதுவும் வேணும்னு விட்டதுதானா?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. சீப்பைத் தேடி அவர் எழுவதற்குள், அவள் பாதி தூரம் போயிருந்தாள்.