வெல்மா பாடாத சுற்று

கஸ் ஹார்க்னஸின் வாத்தியக் கோஷ்டியில் பாட்டுக்காரியின் வேலை பாடுவது என்று நினைப்பவர்கள் அந்த வேலையைப் பார்த்ததில்லை. அவளுடைய வேலை உட்கார்ந்திருப்பது. மேடையின் ஓரத்தில், டிராம்போன்காரர்களுக்கு முன்னால், தங்கப் பூச்சு பூசிய ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். கவுன் கசங்காமல், முதுகு சாயாமல், முகத்தில் சிரிப்பு குறையாமல் அதில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் பதினைந்து ஆண்கள் ஊதித் தள்ளுவதை இன்றைக்குத்தான் முதல்முறை கேட்பவள் மாதிரி கால் நுனியால் தாளம் போட வேண்டும். வாத்தியங்கள் பாட்டை ஒரு சுற்று வாசித்து முடித்ததும் எழுந்து மைக்குக்குப் போய் ஒரே ஒரு சுற்று பாடலாம். பிறகு மறுபடி நாற்காலிதான். மிச்சத்தை டிரம்பெட்டுகள் பார்த்துக்கொள்ளும். ஜனங்கள் ஆட வந்திருக்கிறார்கள், பாட்டு அவர்களுக்கு நடுவில் தொட்டுக்கொள்ள.

வெல்மா நோவாட்னி இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். மில்வாக்கி முதல் கான்சஸ் சிட்டி வரைக்கும் அவளைப்போல் உட்காரத் தெரிந்தவள் கிடையாது என்று கஸ்ஸே சொல்லியிருக்கிறார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

ரெக்கார்டிலும் இதே கதைதான். லேபிளில் கஸ்ஸின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'வாய்ப்பாட்டுடன்' என்று இருக்கும். யாருடைய வாய் என்று இருக்காது. அயோவாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவளுடைய அப்பா, ஒரு ரெக்கார்டை வாங்கிக் கூட வேலை செய்கிறவர்களுக்குப் போட்டுக் காட்டி, "இது எம் பொண்ணு" என்றாராம். ஒருவன் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க போட்டிருக்கு?" என்றானாம். அப்பா இதை போனில் சொல்லிச் சிரித்தார். வெல்மாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு அவளும் ஒரு ரெக்கார்டை எடுத்து லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் வாத்தியக்காரர் சங்கம், அதற்குத் தெரியாமலே, அவளுக்கு ஒரு நல்லது செய்தது. ரெக்கார்டு கம்பெனிகளோடு சண்டை போட்டுக்கொண்டு, இனி யாரும் ரெக்கார்டுக்கு வாசிக்கக் கூடாது என்று தடை போட்டது. நடனக்கூடத்தில் வாசிக்கலாம், ரேடியோவில் வாசிக்கலாம், ரெக்கார்டுக்கு மட்டும் ஒரு ஊதல் கூடாது. கம்பெனிகள் கொஞ்ச காலம் கையைப் பிசைந்தன. பிறகு யாருக்கோ பொறி தட்டியது. சங்கத்தின் கணக்கில் பாடுகிறவர்கள் இசைக்காரர்களே இல்லை, அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பதும் இல்லை. அப்படியானால் தடை அவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? ஆறு பேரை நிறுத்தி வாத்தியங்களுக்குப் பதிலாக 'ஊ' என்று முனகவிட்டு, முன்னால் ஒரு பாடகியை நிறுத்தினால் ரெக்கார்டு ஆயிற்று.

சிகாகோவில் ஒரு சின்னக் கம்பெனியின் மேலாளர் பிரூட் இப்படித்தான் வெல்மாவைக் கூப்பிட்டார். அவர் முன்பு செருப்புக் கம்பெனியில் இருந்தவர். எது விற்கும் என்று அவருக்குத் தெரியும், எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. நடனக்கூடத்தில் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற 'மிதியடிக்குக் கீழே சாவி' என்ற பாட்டை அவள் பாட வேண்டும்.

"லேபிள்ல உங்க பேர் மட்டும்தாங்க இருக்கும், மிஸ் நோவாட்னி" என்றார். "ஆனா ஒண்ணு. இன்னிக்குச் சரியா வரலேன்னா நாளைக்கு இதே பாட்டைப் பாட டெட்ராய்ட்டுலேருந்து வேற பொண்ணு வருது. யுத்த காலம் பாருங்க, எனக்குக் குடுத்திருக்கறதே நாலு மெழுகுத் தட்டு."

பெரிய கம்பெனிகள் வேறு முறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. பிரூட்டின் கம்பெனியில் இன்னும் மெழுகுதான். பாடப் பாட ஊசி மெழுகில் கீறிக்கொண்டு போகும். கீறியதை உடனே போட்டுக் கேட்டுப் பார்க்க முடியாது, கேட்டால் தட்டு பாழ். அப்படியே அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆகவே பாடும்போது கேட்ட காது ஒன்றுதான் சாட்சி. தன் காதை நம்பாத பிரூட், கஸ்ஸைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்.

கஸ் வந்ததில் வெல்மாவுக்குச் சங்கடம்தான். அவருடைய கோஷ்டியில் பாதிப் பேரை ராணுவம் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருக்கும் கோஷ்டிக்குக் கூட்டம் வருவதே வெல்மாவின் பாட்டுக்காகத்தான் என்று இப்போது ஊரே சொன்னது. 

"எனக்கு இதுல லாபம் ஒண்ணும் இல்லம்மா" என்று கஸ் வந்ததும் வராததுமாகச் சொன்னார். "நீ ஜெயிச்சா நான் அம்பேல். அதையும் சொல்லிட்டுத்தான் உட்கார்றேன்."

"பயமா இருக்கா, பாஸ்?"

"இருக்காதா பின்னே?"

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு பேரும் முனக ஆரம்பித்தார்கள். வெல்மா முதல் அடியிலேயே சுகமாக உள்ளே நுழைந்தாள். தன் குரல் இத்தனை பெரிய அறையில் தனியாக நடமாடுவது அவளுக்கே பிடித்திருந்தது. ஒரு சுற்று முடிந்தது. முடிந்ததும் அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலேயே இரண்டடி பின்னால் போயின. முனகல்காரி ஒருத்தி கைப்பை வைத்திருந்த நாற்காலியில் இருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெல்மா உட்கார்ந்தாள். பாவாடையைச் சரி செய்தாள். சிரித்தாள். கால் நுனியால் தாளம் போட்டாள்.

முனகல் கோஷ்டி கண்ணை உருட்டிக்கொண்டு முனகியது. கண்ணாடிக்குப் பின்னால் பிரூட் கையை வீசினார். வெல்மா அவரைப் பார்த்தும் சிரித்தாள்.

விளக்கு அணைந்ததும் பிரூட் ஓடி வந்தார். "ஏங்க உட்கார்ந்துட்டீங்க?"

"பாடி முடிச்சிட்டேனே."

"இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்குங்களே."

"அது நான் பாடறது இல்லையே" என்று சொல்லி முடிப்பதற்குள் வெல்மாவுக்கு விஷயம் உறைத்தது. காது வரைக்கும் சிவந்துபோனாள்.

பையின் சொந்தக்காரி பையை வாங்கிக்கொண்டே, "உட்கார்ந்ததுல ஒரு குறையும் சொல்ல முடியாது, மிஸ்" என்றாள். "படம் பிடிக்கலாம் போல இருந்துச்சு."

நாற்காலியைத் தூக்கி வெளியே தாழ்வாரத்தில் போட்டார்கள். இரண்டாவது தட்டில் வெல்மா கடைசிவரை நின்றாள். முதல் சுற்றைப் பாடினாள், அதையே அச்சு அசலாக இரண்டாவது தடவையும் பாடினாள். பிரூட் கஸ்ஸின் முகத்தைப் பார்த்தார்.

"ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ணிக் குடுத்த மாதிரி இருக்கு" என்றார் கஸ்.

இவர் சொல்வது நிஜமா, தன்னை விடக் கூடாது என்கிற ஆசையா என்று வெல்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். நிஜம்தான். அவளுக்கே கொட்டாவி வந்திருந்தது.

மூன்றாவது தட்டில் இரண்டாம் சுற்றுக்கு என்னென்னவோ நகை மாட்டிப் பார்த்தாள். குரலை மேலே கொண்டுபோனாள், இழுத்தாள், குழைந்தாள். முனகல்காரர்கள் வழி தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கஸ் வாயிலிருந்த சுருட்டை எடுத்து அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்தார். பாக்கி ஒரு தட்டு.

"எல்லாரும் காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றார் பிரூட். அவர் குரலில் டெட்ராய்ட் பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தாழ்வாரத்தில், வெளியேற்றப்பட்ட நாற்காலியில், எம்மெட் உட்கார்ந்திருந்தான். கஸ்ஸின் கோஷ்டியில் டிராம்போன் வாசிப்பவன். நெட்டை, வழுக்கை, யாரோடும் அதிகம் பேசாதவன். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவன் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டிருந்தான்.

"குளிருதா?" என்றாள் வெல்மா.

"சங்கத்து ஆளு யாராவது பார்த்தா? ரெக்கார்டிங் நடக்கற இடத்துல எங் கை எங்க இருந்துச்சுன்னு கேட்டா, பாக்கெட்டே சாட்சி சொல்லும்." நகர்ந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுக்கப் போனான்.

"அதை எங்கிட்ட காட்டாதே. மானம் போயிடுச்சு."

"கேட்டுது இங்கே. சிரிக்கக் கூடாதுன்னு பார்த்தேன், முடியல."

வெல்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "எம்மெட், அந்த இன்னொரு சுற்றை நான் என்ன பண்ணுவேன்? அது என்னோடது இல்லை. இந்தப் பாட்டுல அது எப்பவும் உன்னோடது."

"நான் எதுவும் வாசிச்சுக் காட்ட முடியாது, தாயே. முனகினாக்கூட சங்கத்துக் கார்டைப் பிடுங்கிடுவாங்க."

"நீ காட்ட வேண்டாம்" என்றாள். சொன்ன பிறகுதான், ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அவள் மெதுவாக முனக ஆரம்பித்தாள். 'மிதியடிக்குக் கீழே சாவி'யின் முதல் சுற்று, நடனக்கூடத்தில் அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் எம்மெட் தினமும் வாசிப்பது. முதல் வரியை அவன் நேராகச் சொல்வான். இரண்டாவது வரியில் உச்சத்து ஸ்வரத்துக்கு வேண்டுமென்றே தாமதமாக வருவான், வந்ததும் கீழே சறுக்குவான். மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டு மூச்செடுப்பான். கடைசி வரியில், ஆடுகிறவர்கள் கை தட்டத் தயாராகும்போது, யாருக்காகவும் இல்லாமல் சின்னதாக ஒன்று வாசிப்பான். எல்லாமே அவளுக்குள் இருந்தது. ஒரு இழை விடாமல் வந்தது.

எம்மெட்டின் கைகள் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்திருந்தன. அதை அவன் கவனிக்கவில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமாவா? எனக்கு முன்னால வாசிக்கறதும் நீ, பின்னால உட்கார்ந்திருக்கறதும் நீதானே. உன் குழாயை நீட்டி நீட்டி எத்தனை தடவை எங் கொண்டைப் பூவைத் தட்டி விட்டிருக்கே."

"அதுக்குத்தான் மன்னிப்பு கேட்டேனே."

"எல்லாரும் ஆடிக்கிட்டு இருந்தாங்க. நான் ஒருத்திதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

எம்மெட் தரையைப் பார்த்தான். "ஊதறவன் யாருக்கு ஊதறான்னு சில நாள் தோணும். பாஸ் என்னடான்னா லேட்டா வர்றே, லேட்டா வர்றேன்னு திட்டறாரு. யாரும் கேக்கறது இல்லைன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்." அவனுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"எடுத்துக்கட்டுமா?" என்றாள் வெல்மா.

"எடுத்துக்கோ. நான் வாசிச்சாத்தான் சங்கத்துக்குக் கோபம் வரும்."

நாலாவது தட்டு சுற்றத் தொடங்கியது. முதல் சுற்றை வெல்மா எப்போதும்போல் பாடினாள், வீட்டுக்கு வரப்போகிறவனிடம் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்கிற பெண்ணாக. முனகல்காரர்கள் பாலம்போல் நாலு அடி முனகினார்கள். இரண்டாவது சுற்றில் சொற்கள் அதேதான், நடைதான் வேறு. 'சாவி' என்ற சொல்லுக்கு அவள் உடனே வரவில்லை. காத்திருந்தாள். தாளம் அவளைக் கடந்து போவதற்குள் வந்து சேர்ந்து, அங்கிருந்து சறுக்கிக் கீழே இறங்கினாள். மூன்றாவது வரியைப் பாதியில் விட்டாள். விட்ட இடத்தை முனகல் கோஷ்டி, யாரும் சொல்லாமலே, நிரப்பியது. அந்தக் கைப்பைக்காரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது பாட்டில் இருந்த பெண், அவன் வராமல் போகலாம் என்று தெரிந்தும் சாவியை வைத்துவிட்டுப் படுக்கப் போகிறவள். கடைசியில் அந்தச் சின்ன ஒன்றையும் பாடினாள்.

விளக்கு அணைந்தது. நன்றாக இருந்ததா என்று வெல்மாவுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. பாட்டுக்கு உள்ளே இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக்குப் பின்னால் மெழுகுத் தட்டை ஒரு ஆள் குழந்தையைப்போல் தூக்கி வைத்தான். பிரூட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றீங்க, மிஸ்டர் ஹார்க்னஸ்?"

கஸ் சுருட்டை மெல்ல அணைத்தார். இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும், டெட்ராய்ட் பெண் ரயில் ஏறிவிடுவாள், வெல்மா சனிக்கிழமை தங்க நாற்காலிக்குத் திரும்பிவிடுவாள். யாரும் கேட்டுச் சரிபார்க்க முடியாது. அது கஸ்ஸுக்கும் தெரியும், வெல்மாவுக்கும் தெரியும். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன் எங்க இருக்கு?" என்றார் கஸ்.

"எதுக்குங்க?"

"சனிக்கிழமைக்கு எனக்கு ஒரு பாட்டுக்காரி வேணும்." எழுந்து சட்டையில் விழுந்த சாம்பலைத் தட்டினார். "இந்தத் தட்டை பத்திரமா அனுப்புங்க, பிரூட். கீழே போட்டீங்க, உங்களைக் கொன்னுடுவேன்."

போகிற வழியில் வெல்மாவின் தோளை ஒருமுறை பிடித்து அழுத்தினார். அந்த முகத்தில் வருத்தம் இருந்தது, அதைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாதே, தொண்டை கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார். அங்கே அவர் எம்மெட்டிடம், "டேய், நீ லேட்டா வர்றது இப்பத்தான்டா புரியுது" என்பது கேட்டது.

பிரூட் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு வந்தார். "லேபிளுக்கு உங்க பேரை எழுதணும், மிஸ். எப்படி எழுதறதுன்னு ஹார்க்னஸைக் கேட்டேன். இத்தனை வருஷத்துல நான் எழுதினதே இல்லை, அவளையே கேளுங்கன்னுட்டாரு."

வெல்மா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். பிரூட் சரியாகத்தான் எழுதினார். இருந்தாலும் அவள் மறுபடி முதல் எழுத்திலிருந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.