கைப்பிடி எந்தப் பக்கம்

1

இந்தக் கதையைத் தமிழில் எழுத ஒரே காரணம், அம்ப்ரோஸுக்குத் தமிழ் தெரியாது.

அவர் என் மாமனார். அவரிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். டொராண்டோவில் வேலை கிடைத்திருக்கிறது, பனி விழுமுன் போகிறேன். அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் தள்ளிப்போடுவதற்காக, அவருக்கு ஒரு தூக்கி கட்டித் தருவதாகச் சொன்னேன். தூக்கியும் கட்டி முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுவதற்காக இந்தக் கதை.

தூக்கி என்றால் வண்டியின் பின்னால் பொருத்தும் சிறிய பாரந்தூக்கி. ஒரு தூண், அதன் தலையில் சுழலும் ஒரு கை, கையின் நுனியில் கப்பி, கம்பிவடம், வடத்தைச் சுற்ற ஒரு கைப்பிடி. வேட்டையாடிய மூஸைத் தரையிலிருந்து தூக்கி, வண்டியின் பின்தொட்டிக்குள் இறக்குவது அதன் வேலை. மூஸும் மான் சாதிதான். ஆனால் மான் என்று எழுதினால் நீங்கள் புள்ளிமானை நினைத்துவிடுவீர்கள். ஓர் எருமையை ஏணிமேல் நிற்கவைத்துத் அதன் தலையில் இரண்டு முறங்களைக் கட்டிவிடுங்கள். அது மூஸ்.

சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், மூடுபனி விலகிய ஒரு காலையில்..." பொய். இந்தத் தீவில் மூடுபனி விலகாது.

"துக்கம் என்பது ஒரு பளு. அதைத் தூக்க..." இதை எழுதியவனை எனக்குப் பிடிக்கவில்லை.

"ட்ரீனா இருந்திருந்தால்..."

இதை முடிக்கவில்லை. அடித்துவிடவும் இல்லை.

2

ட்ரீனா என் மனைவி, அம்ப்ரோஸின் ஒரே மகள். போன வருடம் வசந்தத்தில், மூளையில் ஒரு ரத்தக்குழாய். இந்தக் கதையில் அதைப் பற்றி இதற்குமேல் இல்லை.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அப்பனும் மகளும்தான் மூஸுக்குப் போவார்கள். சுடுவது எளிது. விழுந்த பிறகுதான் வேலை. பாதியாக வெட்டினாலும் ஒரு பாதியே இரண்டு ஆள் சுமை. அம்ப்ரோஸ் வண்டிமேல் நின்று கயிற்றை இழுப்பார். ட்ரீனா கீழே தோள் கொடுத்துத் தள்ளுவாள். ஏற்றி முடியும்வரை இருவரும் திட்டிக்கொள்வார்கள்.

"இழுங்கப்பா! தூங்குறீங்களா?"

"நீ தள்ளுடி! தடவிக்கிட்டு நிக்காதே!"

நான் பக்கத்தில் தேநீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அது என் பொறுப்பு.

போன இலையுதிர் காலத்தில் வேட்டை உரிமம் வந்தும் அவர் போகவில்லை. முதுகு என்றார். ஊரார் புட்டியில் பதப்படுத்திய மூஸ் கறியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சமையலறை அலமாரியில் வரிசையாக அடுக்கினார். ஒன்றையும் திறக்கவில்லை. அடுத்தவன் சுட்டதைத் தின்ன மாட்டாராம். கடைக்குப் போய்க் கோழி வாங்கிவந்தார். அவருடைய தங்கை பிலோமினா இன்றும் அந்தக் கோழியை மன்னிக்கவில்லை.

"நம்ம குடும்பத்துல கடைக் கோழி! அதுவும் தோலு உரிச்சது! செத்தவங்க கல்லறையில திரும்பிப் படுத்திருப்பாங்க."

சொன்ன பிறகுதான் நானும் அறையில் இருப்பதைப் பார்த்தாள். தேநீரில் டின்பாலை நிறையவே ஊற்றித் தந்தாள்.

நான் கணக்குப் போட்டேன். தூக்கி இருந்தால் மூஸ் ஏற்ற ஓர் ஆள் போதும். ஓர் ஆள் போதும் என்றால் நான் டொராண்டோவுக்குப் போகலாம். (நான் இங்கே படிக்க வந்தவன், படித்தது கட்டுமானப் பொறியியல். பளு எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை.)

3

முதலில் கடையில் வாங்குவதாகத்தான் இருந்தது. வண்டியின் இழுவைக் கொக்கியில் செருகுகிற மாதிரி ஒன்று. போனில் படம் காட்டினேன். அம்ப்ரோஸின் ஷெட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டு கஸ்ஸும் பிலோமினாவும் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஷெட்டுக்குள் வெளிச்சம் தெரிந்தால் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"என்ன இது, துணி காயப்போடவா?" என்றார் அம்ப்ரோஸ்.

"மூஸ் தூக்க, மாமா."

(அடிக்குறிப்பு போட இடமில்லாததால் இங்கே: நேரில் அவரை ஊரைப்போலவே "ஸ்கிப்பர்" என்றுதான் கூப்பிடுகிறேன். எழுதும்போது மாமா என்று வருகிறது. எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.)

"இதுல தொங்கவிட்டா செத்த மூஸே சிரிச்சிரும்."

"மோட்டார் வச்சதா வாங்கு," என்றான் கஸ். "பட்டனை அமுக்கினா போதும். என் மச்சான் வச்சிருக்கான்."

"உன் மச்சான் பல்லு விளக்கவே மோட்டார் வச்சிருக்கான்."

"மோட்டார் மழையில நனைஞ்சா போச்சு," என்றாள் பிலோமினா. "கையால சுத்துறதுதான் நல்லது. கை நனைஞ்சா காய்ஞ்சிரும்."

கஸ்ஸின் பழைய படகில், வடத்தைக் கையால் சுற்றி இழுக்கும் ஒரு கைவின்ச் இருந்தது. படகு ஓடவில்லை, வின்ச் ஓடியது. அத்துடன் கடைப் பேச்சு முடிந்தது. அம்ப்ரோஸ் வாழ்நாள் முழுக்கக் கப்பல் கட்டும் துறையில் வெல்டராக இருந்தவர்.

"தூணுக்குப் போல்ட் போடலாம் மாமா. வேண்டாதப்போ கழட்டிக்கலாம்."

"போல்ட்டு ஆடும். வெல்டிங் ஆடாது."

"கழட்ட முடியாதே."

"எதுக்குக் கழட்டணும்?"

போல்ட்டுகளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டேன்.

4

மழை. வண்டியை உள்ளே விட்டு, ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தோம். நான் பிடித்துக்கொண்டேன், அவர் பற்றவைத்தார். "இங்க பிடி." "இன்னும் மேல." "ம்." இவ்வளவுதான் பேச்சு. ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது டொராண்டோ என் வாய்வரை வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டார். தீப்பொறிக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

முடிந்த அன்று பெயின்ட்கூட அடித்தோம். அம்ப்ரோஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கஸ் ஷெட் கதவை மேலே ஏற்றினான். வண்டி நகர்ந்தது. மணி அடித்ததுபோல் ஒரு சத்தம்.

தூண் கதவைவிட உயரம்.

[இந்த இடத்தில் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு பொறியாளனும் ஒரு கப்பல் வெல்டரும் ஷெட்டுக்குள் வைத்தே ஒன்றைக் கட்டினார்கள், வாசலை அளக்கவில்லை. இன்னொருவன் எழுதிக்கொண்டுவந்திருந்தால் நானே வெட்டச் சொல்லியிருப்பேன். மழை பெய்தது. கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவு சுவர் மாதிரி இருக்கும். என்னிடம் வேறு சமாதானம் இல்லை.]

கஸ் இடித்த இடத்தை அண்ணாந்து பார்த்தான்.

"ஒரு விரல்தான் இடிக்குது," என்றான் கஸ்.

"ரெண்டு விரல்," என்றேன்.

"யார் விரலு?"

தூணை அறுக்க அம்ப்ரோஸ் விடவில்லை. நல்ல வெல்டிங்காம். கதவுக்குமேல் உள்ள உத்தரத்தை அறுக்கவும் விடவில்லை. அது அவருடைய அப்பா வைத்ததாம். கடைசியில் பிலோமினா தெருவில் போய் நின்று ஒரு சத்தம் போட்டாள். பாதி ஊர் வந்தது.

"எல்லாரும் பின்னால ஏறுங்க! கஸ், டயர்ல காத்தைப் பிடுங்கு!"

ஏறினார்கள். வண்டி முனகிக்கொண்டே தாழ்ந்தது. இன்னும் ஒரு நூல் இடித்தது. பிலோமினா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் ஏறினாள். தூண் உத்தரத்துக்குக் கீழே வந்தது.

"பாத்துக்கண்ணே! இத்தனை வருஷம் என்னைத் தின்னாதே தின்னாதேன்னியே!"

"யாரும் அசையாதீங்க!"

"மூச்சு விடலாமா?"

"வெளிய போய் விடு!"

பச்சைப் பெயின்ட் கொஞ்சம் உத்தரத்தில் ஒட்டிக்கொள்ள, வண்டி வெளியே வந்தது. கைதட்டினார்கள். அம்ப்ரோஸும் தட்டினார். அவர் தட்டி முடிக்கும்வரை காத்திருந்து கஸ் கேட்டான்.

"திரும்ப எப்படி உள்ள விடுவே?"

அம்ப்ரோஸ் ஷெட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"வெளியவே நிக்கட்டும். மூஸு என்ன உள்ளயா மேயுது?"

5

அங்கேயே சோதித்துப் பார்த்தோம். பளுவுக்கு கஸ். படகில் கட்டுகிற பட்டையை அவன் அக்குளில் மாட்டி, கொக்கியில் கோத்தோம்.

"மூஸ்ல கால்வாசிகூட இல்லையே இவன்," என்றாள் பிலோமினா.

"வாயைச் சேத்தா வந்துரும்," என்றார் அம்ப்ரோஸ்.

அவர் கைப்பிடியைச் சுற்றினார். கஸ் எழுந்தான். கால் தரையை விட்டதும் மெதுவாகச் சுழல ஆரம்பித்தான். ஒரு சுற்றில் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த சுற்றில் காற்று வந்தது. வண்டியின் பின்கதவில் முழங்கால் இடித்தது.

"யாராச்சும் பிடிங்கடா!"

அம்ப்ரோஸால் பிடிக்க முடியவில்லை. அவர் முன்பக்கம், கேபினை ஒட்டி நின்று சுற்றிக்கொண்டிருந்தார். கஸ் பின்பக்கம் தொங்கினான். நான் ஓடிப்போய் அவன் கால்களைக் கட்டிப்பிடித்தேன். கம்பளிக் காலுறை என் முகத்தில் இருந்தது. அவனைத் தொட்டிப் பக்கம் திருப்பப் பார்த்தேன். வரவில்லை.

"தள்ளு! தடவிக்கிட்டு நிக்காதே!" என்று அம்ப்ரோஸ் கத்தினார்.

பிறகு கைப்பிடி நின்றது.

கஸ் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிலோமினா கடலைப் பார்த்தாள். நான் தோள் கொடுத்துத் தள்ளினேன். அம்ப்ரோஸ் மெல்ல இறக்கினார். கஸ் தொட்டிக்குள் மல்லாந்து படுத்தான்.

"என் கல்யாணத்துலகூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கல," என்றான். அவனுக்கு நன்றி.

6

எல்லோரும் போன பிறகு சொன்னேன்.

"மாமா, கைப்பிடி தப்பான பக்கம் இருக்கு."

"எது?"

"கேபின் பக்கம் வச்சுட்டோம். பின்பக்கம் வச்சிருந்தா, ஒரே ஆள் ஒரு கையால சுத்திக்கிட்டு இன்னொரு கையால பிடிச்சு உள்ள இறக்கிரலாம். இப்ப ரெண்டு ஆள் வேணும்."

அவர் தூக்கியைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

"அட, ஆமால்ல."

"வெட்டித் திருப்பி வச்சா அரை நாள் வேலைதான்."

"ராடு தீந்துபோச்சு, மவனே."

அவருக்குப் பின்னால், ஷெட் அலமாரியில், வெல்டிங் ராடு பெட்டி இருந்தது. பிரிக்காத பெட்டி.

இந்தக் கதாபாத்திரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாசலை அளக்க மறந்த மனிதர் கைப்பிடியையும் பக்கம் மாற்றி வைக்கலாம். வயதானவர், பெட்டி கண்ணில் படாமல் இருந்திருக்கலாம். அல்லது, எத்தனையோ கப்பல்களைப் பற்றவைத்தவருக்குக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருக்காது. இரண்டில் ஒன்றை நான் எழுதினால் கதை முடிந்துவிடும். கேட்டால் அவர் "ம்" என்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைக்கிறேன். அவர் பற்றவைத்தபோது அந்த வின்ச்சை அந்தப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். "இங்க பிடி" என்றார், பிடித்தேன். பளு எங்கே இறங்கும் என்று பார்க்கத் தெரிந்தவன்.

7

முடிவுகள்.

அ. நான் அந்தப் பெட்டியைப் பிரித்து கஸ்ஸை அழைத்து, கைப்பிடியைத் திருப்பி வைக்கிறேன். கிளம்புகிறேன். அம்ப்ரோஸ் தனியாக ஒரு மூஸை ஏற்றுகிறார், எல்லாம் சரியாக வேலை செய்கிறது. (இதை எழுதும்போது அவருக்கு ஒரு வசனமும் வரவில்லை. யாரைத் திட்டுவார்?)

ஆ. வண்டியில் போகும்போது சொல்லிவிடுகிறேன். "சரி" என்கிறார். அவர் அதைத்தான் சொல்வார். மற்றதையெல்லாம் நான்தான் இட்டுக்கட்டி எழுத வேண்டியிருக்கும்.

இ. டொராண்டோவுக்கு மறுத்து எழுதிவிடுகிறேன். பலருக்கும் பிடிக்கும். ட்ரீனாவாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு, "போடா, உனக்கு வேற முடிவே தோணலையா?" என்று...

இன்று வேட்டைக் காலம் தொடங்குகிறது. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. அம்ப்ரோஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். சற்றுமுன் உள்ளே வந்தார். நான் எதை எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, எறும்பு ஊருற மாதிரி?"

"கதை, மாமா."

"நான் இருக்கேனா அதுல?"

"இருக்கீங்க."

"முதுகு நல்லாயிருச்சுன்னு எழுது."

மேசைமேல் பிளாஸ்க் இருந்தது. எடுத்துக்கொள்ளக் கை நீட்டினேன். அதற்குமுன் அவரே எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். என் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கடைக்கு எதிரே இறங்கும் சாலையில் கடைசி வீடு. வண்டியைத் தேட வேண்டாம், அது வெளியேதான் நிற்கும், உள்ளே போகாது. பச்சைத் தூண். பக்கத்தில் போய், கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.