குரல் இல்லாத பக்கம்

வெள்ளம் வடிந்து மூன்று மாதமாகியும் நிலவறையில் சேற்று வாடை போகவில்லை. லோர்னா ஹாகனின் பழைய கணினியும், இருபத்தெட்டு வருடமாகச் சேர்த்த இசைத்தட்டுகளும் ஜூன் வரை அங்கேதான் இருந்தன. சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் நனைந்ததையெல்லாம் தெருவோரம் போடச் சொல்லிவிட்டது நகராட்சி. தப்பியது அவள் கைப்பையில் கிடந்த மியூசிக் பிளேயர் ஒன்றுதான். போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தட்டுகள் அத்தனையையும் அதில் ஏற்றி வைத்திருந்தாள்.

பகலில் லோர்னாவுக்குப் பள்ளிப் பேருந்துகளை அனுப்பும் வேலை. சனிக்கிழமைகளில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் லெஜியன் ஹாலில் நான்கு நான்கு ஜோடிகளாகச் சதுரம் கட்டி ஆடுகிறவர்களுக்கு, மேடையில் நின்று இசையோடு பாடிக்கொண்டே அடுத்த அடி என்னவென்று சொல்வாள். அயோவாவில் அந்தப் பகுதியில் அவளைத் தேடி மூன்று கவுண்டி தாண்டி வருகிறவர்கள் உண்டு. இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. பிளேயரோ ஒரு வாரமாக உள்ளே டிக் டிக்கென்று சத்தம் போடுகிறது.

புதுக் கணினியில் செருகினால், பிளேயர் கம்பெனியின் சொந்த மென்பொருள் ஒரே கேள்வியைக் கேட்டது: இந்தப் பிளேயர் வேறொரு கணினியைச் சேர்ந்தது, இதில் உள்ளதை அழித்துவிட்டு இங்கே சேர்க்கவா?

"குடிவர்றவன் வீட்டை இடிச்சுட்டுத்தான் வருவேங்கிறான்," என்றான் கணவன் டுவேன்.

அதனால்தான் புதன்கிழமை மதியம் ஜீன் சொபோட்காவைக் கூப்பிட்டார்கள். ஜீன் தொலைபேசிக் கம்பெனியில் கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லோர்னாவோடு ஒன்பதாம் வகுப்பு படித்தவன். பிளேயரிலிருந்து பாட்டை வெளியே எடுக்கும் வேறு மென்பொருள்கள் இரண்டை ஒரு சிடியில் கொண்டுவந்திருந்தான். மனைவி கொடுத்தனுப்பிய கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி பன்கள் இருந்த தட்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்தான்.

"ரெண்டுல எது நல்லது?" என்றாள் லோர்னா.

"ஒண்ணு பாக்க லட்சணமா இருக்கும். வேலையும் வேகம். இன்னொண்ணு எவனோ லீவு நாள்ல உக்காந்து எழுதினது. மூஞ்சி சகிக்காது."

"டுவேனைக் கட்டிக்கிட்டப்ப நான் மூஞ்சியைப் பாக்கலை."

"நான் இங்கதான் இருக்கேன்," என்றான் டுவேன், காபியை ஊற்றியபடி.

ஜீன் லட்சணமானதையே எடுத்தான். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடி நின்றது. பாட்டுகள் பெயரோடு, அகர வரிசையில், அழகாக நின்றன.

"முன்னூத்திப் பதினெட்டு. சுத்தமா வந்துருச்சு," என்றான் ஜீன். "இப்ப பிளேயரை அழிச்சுட்டு புதுசா ஏத்திரலாம். அந்தச் சத்தம்கூட நின்னாலும் நிக்கும்." கை மௌஸில் இருந்தது.

"எத்தனை?"

"முன்னூத்திப் பதினெட்டு."

"அறுநூத்தி முப்பத்தாறு இருக்கணும், ஜீன். கையை எடு."

அவன் கையை எடுத்தான். லோர்னா குனிந்து முதல் பாட்டைத் தட்டினாள். பிடில் இரண்டு வரி ஓடியதும் டெக்ஸாஸ்காரன் ஒருவனின் கனத்த குரல் எழுந்து, பெண்களெல்லாம் நடுவுக்கு வாருங்கள் என்றது. அடுத்ததிலும் குரல். அதற்கடுத்ததிலும்.

இந்த ஆட்டத்துக்கான இசைத்தட்டுகள் எல்லாமே அப்படித்தான். ஒரு பக்கம் வெறும் இசை. மறுபக்கம் அதே இசையின் மேல் பேர்பெற்ற ஒருவர் பாடிக் காட்டியிருப்பார். இரண்டுக்கும் பெயர் ஒன்றே, நீளமும் நொடி பிசகாமல் ஒன்றே. ஏற்றும்போது லோர்னா இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் போட்டிருந்தாள். வரிசையில் முதலில் நிற்பது இசை என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

ஜீன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி அமைப்புகளைத் திறந்தான். ஒரே பாட்டு இரண்டு முறை இருந்தால் ஒன்றை விட்டுவிடு என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது.

"குப்பைன்னு நினைச்சுருக்கு," என்றான்.

"நான் மேடையில நின்னு பாடறதுக்கு வேண்டிய வெறும் இசையைத்தான் அது குப்பைன்னு நினைச்சுருக்கு."

"இதைவெச்சுக்கிட்டு சனிக்கிழமை போயிருந்தா," என்றான் டுவேன், "டெக்ஸாஸ்காரன் பாட, நீ வாயை மூடிக்கிட்டு நின்னிருப்பே. நான் பாக்காத காட்சி."

ஜீன் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம் என்றான். லோர்னா மாட்டேன் என்றாள். கேட்காமலே ஒரு தீர்மானம் எடுத்த மென்பொருள் இன்னும் எத்தனை எடுத்துவைத்திருக்கிறதோ. பிளேயருக்குள் டிக் டிக்கென்னும் டிஸ்க் இன்னும் எத்தனை முறை முழுதாகப் படிக்க விடுமோ. மூஞ்சி சகிக்காததைப் போடச் சொன்னாள்.

அது சாம்பல் நிறத்தில் ஒரு பட்டியல், அவ்வளவுதான். எதையும் அடுக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. பிளேயரில் இருந்ததை இருந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக இறக்கியது. நானூற்றுப் பதினொன்றில் டிக் டிக் பலமாகி, எண் அப்படியே நின்றது. ஜீன் கேபிளைத் தொடப் போனபோது லோர்னா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.

முக்கால் மணி நேரத்தில் அறுநூற்று முப்பத்து நான்கு இறங்கியது. இரண்டு வரவில்லை. ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டின் இரு பக்கமும். லோர்னா பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அதைக் கடைசியா எப்ப போட்டேன்னு எனக்கே ஞாபகமில்லை. போகட்டும்."

"பிளேயரை அழிக்கவா?" என்றான் ஜீன்.

"வேணாம். ஓடற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடட்டும். இறக்கினதை இன்னொரு சிடியில போட்டு உன் வீட்டுல வை. மத்த ரெண்டு சாஃப்ட்வேரையும் கம்ப்யூட்டரைவிட்டு எடுத்துரு."

"கம்பெனியோடதையுமா? நாளைக்குப் புதுப் பாட்டு வாங்கினா ஒவ்வொண்ணா கையால ஏத்தணும், தாயே."

"ஏத்தறேன்."

ஜீன் இரண்டையும் நீக்கினான். லோர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு, சனிக்கிழமைக்கு வேண்டிய பதினான்கு பாட்டுகளைத் தேடினாள். ஜோடி ஜோடியாகத் தட்டி, ஐந்து வினாடி கேட்டு, பெயருக்குப் பின்னால் இசை, குரல் என்று அடித்துக்கொண்டே போனாள். டுவேன் கொலாச்சித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். ஏழாவது பாட்டில் இருந்தாள், வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.