முந்நூறு நானூற்றைம்பது ஆன கதை

பில்லில் கம்ப்யூட்டரின் வேகம் முந்நூறு என்று இருந்தது. திரையில் நானூற்றைம்பது என்று வந்தது. அன்றிலிருந்து பார்த்தசாரதிக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பார்த்தசாரதி அப்படிப்பட்ட ஆள் இல்லை. அணு ஆராய்ச்சி மையத்தின் ஸ்டோர்ஸில் வருகிற சரக்கைப் பில்லோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. எண்ணிக்கை குறைந்தால் சப்ளையரைச் சந்தேகப்படுவார். கூடினால் சப்ளையரோடு லாரி டிரைவரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். கொடுத்த காசுக்கு மேல் எவனும் ஒரு ஆணிகூடத் தரமாட்டான், தந்தால் அது எங்கேயோ திருடிய ஆணி என்பது அவர் கட்சி.

கம்ப்யூட்டர் வாங்கியது மகள் வைஷாலிக்கு. பி.எஸ்சி. கடைசி வருஷம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த ஜெபகுமார் என்பவன் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தான். கருங்குழிக்காரன். அவன் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர் என்று ஆபீஸ் பஸ்ஸில் யாரோ சொன்னது பார்த்தசாரதியின் மனதில் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டுப் பையன் இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கடை போட்டான்? மறைமலைநகர்க் கம்பெனி எதிலாவது காணாமல் போன சாமானாக இருக்குமோ? கூலிக்காரர் மகன் கடை போடுவதற்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. சந்தேகம் பிடித்த ஆளுக்குச் சம்பந்தம் எல்லாம் எதற்கு?

"அது அப்படித்தான்பா காட்டும்," என்றாள் வைஷாலி, ஏன் கூடுதலாக வருகிறது என்று அவர் கேட்டபோது, முகத்தைப் பார்க்காமல்.

இது இன்னும் மோசம். ஏற்கெனவே அப்பாவுக்கும் மகளுக்கும் இரண்டு மாதமாகப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படிக்க வேண்டும் என்றாள். அவர் பி.எட். முடித்து டீச்சர் ஆகு என்றார். அவர் மனைவி சியாமளா, புருஷன் பேசும்போது அவர் பக்கமும் மகள் பேசும்போது அவள் பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வைஷாலி வழக்கம்போல ஹிந்தி வகுப்புக்கென்று செங்கல்பட்டுக்குக் கிளம்பினாள். சியாமளா காய் வாங்க சதுரங்கப்பட்டினம் போனாள். பார்த்தசாரதி கதவைச் சாத்தி, திருப்புளியை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார்.

வேகத்தைத் தீர்மானிக்கிற பிராசஸர் எது என்று பில்லோடு வந்த புத்தகத்தில் படம் இருந்தது. சின்ன விசிறி பொருத்திய ஒரு அட்டை. பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. அதன் அடி விளிம்பில் தங்க நிறத்தில் மெல்லிய கோடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒரே ஒரு கோட்டின் மேல் மட்டும் அரக்குச் சிவப்பில் எதையோ பூசி மறைத்திருந்தது.

எதையோ என்ன எதையோ? நகப் பாலீஷ். மாமல்லபுரம் போனபோது வைஷாலி ஆசையாக வாங்க, "ரத்தக் காட்டேரி மாதிரி இருக்கு" என்று அவர் திட்டிய அதே சிவப்பு. வீட்டிலிருக்கிற பாலீஷ் அந்தப் பயல் கடைச் சரக்கில் எப்படி ஏறும்? திருட்டுச் சாமான் போய், அதைவிடப் பெரிய பயம் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. என்ன மறைத்திருக்கிறார்கள் பார்க்கலாம் என்று ஷேவிங் பிளேடை எடுத்துச் சுரண்டினார். பாலீஷ் போனது. கோபத்தில் பக்கத்துக் கோட்டின் தங்கமும் சேர்ந்து உரிந்தது. திரும்பப் பொருத்தி ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருந்தது.

அட்டையை மறுபடி உருவிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார்.

"வா சார். இன்னா, மிசின் பேஜார் பண்ணுதா?" என்றான் ஜெபகுமார்.

"எம்பொண்ணோட நகப் பாலீஷ் உன் கடைச் சாமான்ல எப்படிய்யா வந்துச்சு?" என்று பொட்டலத்தைப் பிரித்து அட்டையை நீட்டினார் பார்த்தசாரதி.

பில் மேசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். "அய்ய, இந்த சாரு எங்கியோ பூட்டாருய்யா," என்றாள். அவள் கவியா, ஜெபகுமாரின் மனைவி. குழந்தையைப் பார்த்ததும் பார்த்தசாரதிக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதியை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"சார், நானு குடுத்தது முன்னூறுதான்," என்றான் ஜெபகுமார். "அத்த நானூத்தம்பதா ஓட வெச்சது உங்க பொண்ணு. இந்த ஒரு கோட்ட மறைச்சிட்டா போர்டு வேற மாடல்னு நென்ச்சி வேகத்தக் கூட்டிக் குடுத்துரும். ஓவர்க்ளாக்குன்னு பேரு. கொறஞ்ச வெல பிராசஸர்ல இதுக்குத் தோதானது இந்த செலரான்தான், வெல ஒசந்தது ஓடற ஓட்டம் ஓடும்னு புக்கெல்லாம் பட்ச்சிட்டு வந்து, இதத்தான் போடணும்னு நின்னுச்சி. சூடாயி எரிஞ்சா வாரண்டி கெடையாது, வாணாம்னேன். கேட்டாதானே."

"அவ இங்க எப்ப வந்தா?"

"சனிக்கெழமன்னா வந்துகினு கீதே சார். இப்பதான் பஸ் ஏறிச்சி. எந்தப் பீஸ் வாங்கலாம்னு வர்றவன்லாம் என்னாண்ட கேக்கறதில்ல, அதாண்டதான் கேக்கறான்."

ஜெபகுமார் அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இத்த எவன் சார் பிளேடு போட்டுச் சொரண்டுனது?"

"தெரியலையே," என்றார். சப்ளையர்கள் சொல்லும்போது அவர் ஒருநாளும் நம்பாத வார்த்தை அது. ஜெபகுமார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அட்டையைத் தன் மெஷினில் பொருத்தி இரண்டு மூன்று முறை முயன்றான். கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

"செத்துப்போச்சி சார்."

வீட்டுக்கு வந்தபோது வைஷாலி திறந்து கிடந்த பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து முகம் வெளுத்தாள்.

"ஆன் ஆகலையாப்பா? கடைக்கு எடுத்துட்டுப் போனீங்களா? என்ன சொன்னாங்க?"

"செத்துப் போச்சாம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான்பா எரிச்சுட்டேன்," என்று எல்லாவற்றையும் கொட்டினாள். ஹிந்தி வகுப்பு பொய் என்றாள். பாலீஷ் பூசியது, அது முதல்முறை நானூற்றைம்பது காட்டியபோது யாரிடமும் சொல்ல முடியாமல் பாத்ரூமுக்குள் போய்க் குதித்தது, எல்லாம் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் தெரியலைப்பா. தெரிஞ்ச மாதிரி ஆடிட்டேன். ஹார்டுவேர் வேண்டாம். நீங்க சொன்ன பி.எட்.லயே சேர்ந்துடறேன்."

இரண்டு மாதமாகக் கத்தியும் கிடைக்காதது தானாக மடியில் வந்து விழுந்தது. பார்த்தசாரதி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தார். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு நிம்மதிகூட வந்தது. பிறகு அவள் அழுகிற அழுகை தாங்கவில்லை, தன்னை நினைத்தால் அசிங்கமாக இருந்தது.

"நீ எரிக்கலைம்மா. நான்தான் பிளேடால சுரண்டினேன்."

"நான் அழறேன்னு சும்மா சொல்றீங்க."

"நிஜமாத்தான் சொல்றேன்," என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போங்கப்பா. நீங்க எதுக்குச் சுரண்டப் போறீங்க?" அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இவ்வளவு நெருக்கமாக அவள் வந்து உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்று மறுபடியும் சபலம் தட்டியது. விட்டால் அந்தப் பெண் ஆயுசுக்கும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

பொட்டலத்தைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். "பாரு. இது சூட்டுல எரிஞ்சதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிளேடு போன தடம் நேராக, தெளிவாக இருந்தது.

"எதுக்குப்பா?"

"பாலீஷைப் பார்த்தேன். அந்தப் பையனும் நீயும்..."

வைஷாலி அவர் முழங்காலிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள். அழுகை நின்றிருந்தது. அவர் சொன்னதை இப்போது நம்பிவிட்டாள்.