இருமல் மிட்டாய் பிழைத்த விதம்

இரண்டு பள்ளிக்கூடங்கள் ஏற்கெனவே என்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டன. இது மூன்றாவது. ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வேலை. தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே குறிப்பெடுத்தார்.

என் திட்டம் பிரமாதமானது, நானே சொல்கிறேன். மேஜைமேல் பச்சைத் துணி. அதில் பச்சைத் தாள் சுற்றிய மிட்டாய் முப்பது, ஆரஞ்சுத் தாள் சுற்றியது முப்பது. மிட்டாய்கள் பூச்சிகள், பிள்ளைகள் பறவைகள். ஐந்தைந்து பேராக வந்து ஆளுக்கொன்று எடுத்துத் தின்ன வேண்டும். எல்லாரும் வந்துபோனால் ஒரு தலைமுறை. தப்பித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு குட்டி வைப்பேன். துணியோடு துணியாகக் கிடக்கும் பச்சை பெருகும், பளிச்சென்ற ஆரஞ்சு ஒழியும். இயற்கைத் தேர்வு விளங்கிவிடும், வேலையும் கிடைத்துவிடும்.

மிட்டாய் வாங்க என் வீட்டுக்காரரை அனுப்பியதுதான் நான் செய்த தப்பு.

முதல் ஐந்து பேரும் ஆரஞ்சைத்தான் பாய்ந்து எடுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அடுத்த நிமிடம் ஐந்து முகமும் கோணின. ஒருத்தி ஜன்னலுக்கு ஓடிப்போய்த் துப்பினாள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்: இருமல் மிட்டாய். "கடைக்கு இந்த மனுஷனை அனுப்பினேன் பாரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நான் நிறத்தைத்தான் சொன்னேனாம், ருசியைச் சொல்லவில்லையாம்; பிறகு வீட்டில் அப்படித்தான் வாதாடினார்.

மீதி இருபது பேரும் மூக்கு துணியில் உரசக் குனிந்து பச்சையையே தேடி எடுத்தார்கள். இரண்டாம் தலைமுறையில் பச்சை பூண்டோடு காலி; கடைசி ஐந்து பேர் ஆரஞ்சைத் தொடவே மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆரஞ்சு மட்டும் ஐம்பது, மேஜை நிறைய. வேலை போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முன்வரிசை வாயாடி எழுந்தாள். "மிஸ், ஆரஞ்சு கெட்டிக்காரி. பொழைக்கணும்னே கசப்பா மாறிடுச்சு."

அட, நான் நடத்த வேண்டிய பாடமே இதுதானே. "அது மாறலம்மா. கடையிலிருந்து வரும்போதே கசப்பாத்தான் வந்துச்சு. அதுக்கு எந்தத் திட்டமும் இல்ல. கசந்ததால நீங்க விட்டீங்க, விட்டதால பெருகுச்சு, அவ்வளவுதான்."

நிஜத்திலும் சில பூச்சிகள் இப்படிப் பளிச்சென்றும் கசப்பாகவும் இருக்கும், ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுபடி அதைத் தொடாது என்றேன். அப்படியானால் இனி எப்போதும் ஆரஞ்சுதான் ஜெயிக்குமா என்று ஒருவன் கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் தலைமையாசிரியை இருமிக்கொண்டே மேஜைக்கு வந்தார். ஒரு ஆரஞ்சைப் பிரித்து வாயில் போட்டார். கண்ணை மூடிச் சப்பினார். பிறகு கை நிறைய அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மிஸ், புதுப் பறவை வந்துடுச்சு" என்றாள் வாயாடி. "இனிமே ஆரஞ்சுக்குக் கஷ்டகாலம்."

தலைமையாசிரியை அன்று முதல்முறையாக இருமாமல் பேசினார். "திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது இன்னும் ரெண்டு பாக்கெட் கொண்டுவாங்க டீச்சர். கடைக்கு உங்க வீட்டுக்காரரையே அனுப்புங்க."