சந்தனம் வைத்த சிடி

1

இந்தக் கதை ஒரு பெண்ணின் முகம் வெளுத்ததில் தொடங்கியது. அரியாங்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடைக்கு, பூ வேலைக்குக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போயிருந்தேன். சட்டையை இன் பண்ணி, தோளில் பை மாட்டிய ஒருவர் வாசலில் வந்து நின்றார். கடைக்காரப் பெண் முகம் வெளுத்து, கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றாள். அவர் காலாப்பட்டுக்கு எங்கே பஸ் ஏறுவது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எதற்குப் பயந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

2

சரிதா ஒரு திருட்டு சாப்ட்வேரை வைத்துக்கொண்டு

இல்லை. முதல் வரியிலேயே அவளைப் பிடித்துக் கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம். சரிதா (அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர்) டிசைன் போடும் சாப்ட்வேர் சிடியைக் காசு கொடுத்து வாங்கியவள். சிடிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கே பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைத்தாள்.

[பில் எங்கே என்பீர்கள். எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிட்டது. விற்றவரும் கடையை மூடிவிட்டார். கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று சந்தேகப்படுகிறீர்கள். வீட்டில் ஒரு பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.]

3

சிடியைக் கெடுத்தது அவள் புருஷன் பலராமன். ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல், ஊசி டப்பா, மிஷின் என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவன், சிடிக்கும் வைத்தான். அதுவும் பளபளக்கும் பக்கத்தில்.

"அந்தப் பக்கம் ஏங்க வச்சீங்க?"

"மூஞ்சி எதுவோ அதுலதான வைப்பாங்க?"

காய்ந்த சந்தனத்தைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் அவனே தேய்த்தும் கொடுத்தான். அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் அந்த சிடியைப் படிக்கவில்லை. போன மாதம் சாப்ட்வேர் மக்கர் பண்ணியபோது, காப்பியிலிருந்துதான் திரும்ப ஏற்றினாள்.

4

ஜெராக்ஸ் கடை பிரிஸ்கில்லா போன் செய்தாள்.

"சரிதா, டவுன்ல சாப்ட்வேர் கம்பெனி ஆளுங்க செக் பண்றாங்களாம். ஒரிஜினல் இல்லன்னா சிஸ்டத்தயே தூக்கிட்டு போயிடுறாங்களாம்டி."

"நான் காசு குடுத்து வாங்கினதுக்கா?"

"அத அவங்ககிட்ட சொல்லிப் பாரு."

இத்தனை வருஷம் சரிதா போட்ட டிசைன் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அது போனால் கடை போயிற்று. பென் டிரைவைப் பார்த்தால் திருட்டுக் காப்பி என்பார்களே, உடைத்துவிடலாம் என்று எடுத்தாள். மனசு வரவில்லை. ஊசி டப்பாவில் ஒளித்தாள். பிறகு தலையணை உறைக்குள். எங்கே வைத்தாலும் அங்கேதான் முதலில் கை வைப்பார்கள் என்று தோன்றியது.

(வாங்கியவர் பாதுகாப்புக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் சட்டம் கோர்ட்டில்தான் வாய் திறக்கும். வாசலில் நிற்பவர் அதற்கு முன்பே பேசிவிடுவார்.)

ஒளித்த நிமிஷத்திலிருந்து சரிதாவுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தப்பே செய்யாதவளை ஒளிக்க வைத்தவர் யார், நான்தானே. அந்தப் பத்தியை அடித்துவிட்டு எழுதிப் பார்த்தேன். ஒளிக்காத சரிதாவை என்னாலேயே நம்ப முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

5

ஒரு முடிவு: வந்தவர் சிரித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறார். (இதை நானே நம்பவில்லை.)

இன்னொன்று: கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றும்போது சரிதா பின்னாலேயே ஓடி

முடியவில்லை என்னால்.

மிச்சம் இருப்பது இதுதான். சட்டையை இன் பண்ணி, தோளில் பையோடு வாசலில் ஆள் நிற்கிறார். இந்த முறை பஸ்ஸுக்கு வழி கேட்கவில்லை.

"ஒரிஜினல் எங்கம்மா?"

சரிதா சிடியை நீட்டுகிறாள். பளபளப்பு முழுக்கக் கீறல். நடு ஓட்டையைச் சுற்றி மட்டும் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"திருட்டு சாமானுக்கு யாராவது சந்தனம் வைப்பாங்களா சார்?"

அந்த ஆளுக்கு நான் பெயர் வைக்கவில்லை, முகமும் கொடுக்கவில்லை. அந்த இடத்தை உங்களுக்காகத்தான் காலியாக விட்டிருக்கிறேன். அவள் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை. சிடியை வாங்கிப் பார்த்துவிட்டு, அவளிடம் ஏதாவது சொல்லுங்கள்.