பத்தாவது இருக்கை

ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் ஐம்பத்தைந்து. என் கணினி நிரலில் மட்டும் நாற்பத்தைந்து. எத்தனை முறை ஓட்டினாலும் அதேதான்.

எங்கள் கணினி ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்கள் பத்துப் பேர். ஆசிரியரால் கவனிக்கப்படாதவர் மணி அடித்ததும் முழு மேசையாகிவிடுவார். போன பருவத்தில் இரண்டு மேசைகள் கிடைத்தன. உறுதியான மேசைகள்.

கவனிப்பதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. அழகான ஏற்பாடு, சொல்கிறேன். கதவோரத்து இருக்கையில் தொடங்கி ஒவ்வொரு திரையாகப் பார்க்கும். எத்தனை தவறு, விரல் எவ்வளவு நேரம் அசையவில்லை என்று அளக்கும். தடுமாறுகிறவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும். உடனே ஆசிரியை கோமதி மேடம் நாற்காலியோடு வந்து அவரருகே உட்காருவார்.

"பரிதி தடுமாறுகிறார்" என்றது மெஷின், மறுபடி என் பெயரை.

மேடம் வந்தார். ஏற்கெனவே என்னருகில் இரண்டு கோமதி மேடம்கள் இருந்தார்கள். மூன்றாமவர் நெருக்கி உட்கார்ந்தார். மணி அடிக்கும்போதும் விடை தவறாக இருந்தால் அவர்கள் வீட்டுக்கும் வருவார்கள்.

எனக்கு அடுத்தது கடைசி, பத்தாவது இருக்கை. அதில் ஜெரால்டு. ஒரு எழுத்துகூட அவன் தட்டவில்லை. முழங்கைவரை சன்மைக்கா படர்ந்திருந்தது. தேக்கு நிறம்.

"மச்சி, கை மடங்க மாட்டேங்குதுடா."

"மேடம், ஜெரால்டப் பாருங்க."

"எந்த ஜெரால்டு?"

"இதோ, பக்கத்துல."

மூவரும் பார்த்தார்கள். "மெஷின் ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றார் ஒருவர். இன்னொருவர் அவன் தோள்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தார். அது சாயாமல் நின்றது.

ஆய்வக உதவியாளர் முபாரக் அண்ணனிடம் ஓடினேன். ஓட ஓட அறை நீண்டது.

"அண்ணே, மெஷின் அவனப் பாக்கவே மாட்டேங்குது."

"அத எழுதுனது யாருங்கிற? போன வருசத்துப் பசங்க. உன்ன மாதிரி கத்துக்குட்டிங்கதான்."

மெஷினின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு வரி. என் நிரலில் இருக்கும் அதே வரிதான். என்னுடையதையே எனக்குச் சரிசெய்யத் தெரியவில்லை.

"மணி அடிக்கப் போவுது. ஒரு வரி மாத்தத்தான் நேரம். உன்னுதா, இதுவா?"

பின்னால் இழுப்பறை திறப்பதுபோல ஒரு சத்தம். "மச்சி" என்றது அது.

பத்து விரல்களையும் விரித்தேன். வரி சொல்கிறபடியே மடக்கினேன். எண் பத்துக்குக் குறைவா? ஆம் என்றால் மடக்கு, அடுத்த எண்ணுக்குப் போ. ஒன்று குறைவு. மடக்கினேன். இரண்டு குறைவு. மடக்கினேன். இப்படியே ஒன்பது வந்தது. அதுவும் குறைவு, மடக்கினேன். பத்து வந்தது. பத்து, பத்துக்குக் குறைவா? இல்லை. வரி அங்கேயே முடிந்துவிட்டது.

ஒரு சுண்டுவிரல் மடங்காமல் நின்றது.

மெஷினில் மாற்றினேன்.

"ஜெரால்டு தடுமாறுகிறார்" என்றது ஒலிபெருக்கி. எங்கிருந்தோ நான்காவது மேடம் நாற்காலியோடு வந்து, அவன் தோளிலிருந்து பாட்டிலை எடுத்தார். மணி அடித்தது. என் திரையில் இன்னும் நாற்பத்தைந்து. மூன்று மேடம்களும் என் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

சரியான வரி இதுதான்: எண் பத்துக்குக் குறைவாகவோ சமமாகவோ இருக்கும்வரை தொடர வேண்டும்.